கேக் அனுப்பிக் கோபத்தைக் காட்டிய ரசிகர்கள்!

2012-ம் ஆண்டு. கனடா நாட்டில் எட்மன்டன் என்ற நகரில் உள்ள ஒரு கம்பெனிக்குப் பெட்டி பெட்டியாகக் கேக் வந்து இறங்கியது. எல்லாம் சின்னச் சின்னக் கப் கேக்குகள். மொத்தம் சுமார் 400!

கேக்குகளின் மேலே பூசியிருந்த இனிப்பு 3 நிறத்தில் இருந்தது. சில சிவப்பு. சில நீலம். மற்றவை பச்சை. ஆனால் எந்த நிறத்தை எடுத்துக் கடித்தாலும் ஒரே ருசிதான். வெறும் வெனிலா!

இது பரிசு அல்ல, பாராட்டும் அல்ல. கண்டனம்! ரசிகர்கள் தங்களுக்குள் பணம் வசூல் செய்து, கடையில் சொல்லிச் செய்து அனுப்பிய கண்டனம். "நீங்கள் எங்களுக்குக் காட்டிய முடிவும் இப்படித்தான். நிறம் மூன்று, ருசி ஒன்று" என்பது அதன் பொருள்.

கம்பெனிக்காரர்கள் கேக்குகளை வாங்கிக்கொண்டார்கள். ஆதரவற்ற இளைஞர்கள் தங்கும் விடுதி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேக் போய்விட்டது. கோபம் போகவில்லை.

அந்தக் கம்பெனியின் பெயர் பயோவேர். வீடியோ விளையாட்டுகள் தயாரிப்பது அதன் தொழில். ஒரு காலத்தில் அட்டைப் பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் போதும். ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை எடுத்து வைப்பார்கள். அப்படிப்பட்ட ரசிகர்கள் இப்படி மாறியது ஏன்?

டாக்டர்கள் தொடங்கிய கம்பெனி

ரே மியூசிகா, கிரெக் செஸ்சுக், அகஸ்டின் யிப். இந்த 3 பேரும் டாக்டர்கள். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர்கள். மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்காகக் கம்ப்யூட்டர் பாடங்கள் தயாரித்துக் கொடுத்தார்கள். வயிற்று நோய்க்காரர் ஒருவரைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிக் காட்டும் பாடம் அதில் ஒன்று.

3 பேருக்கும் வீடியோ விளையாட்டு என்றால் உயிர். நோயாளியை உருவாக்கத் தெரிந்தவர்களுக்கு வீரனை உருவாக்குவதா பெரிய காரியம்? 1995-ம் ஆண்டு கம்பெனியைத் தொடங்கிவிட்டார்கள். செஸ்சுக் வீட்டின் அடித்தள அறைதான் ஆபீஸ்!

யிப் சில காலத்தில் வைத்தியத் தொழிலுக்கே திரும்பிவிட்டார். மற்ற 2 பேரும் விடவில்லை.

1998-ம் ஆண்டு டிசம்பர் மாதம் "பால்டர்ஸ் கேட்" என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். 5 தட்டுகள் கொண்ட பெரிய விளையாட்டு. வாளும் மந்திரமும் நிறைந்த கதை. அதில் மின்ஸ்க் என்று ஒரு முரட்டு வீரன் வருவான். அவன் தோளோடு தோளாக ஒரு வெள்ளெலியை வைத்திருப்பான். அது சாதாரண எலி அல்ல, ஆகாயத்தில் இருந்து வந்த ராட்சத எலி, உருவம் மட்டும் குட்டியாகிவிட்டது என்று சத்தியம் செய்வான்! கால் நூற்றாண்டு கடந்தும் அந்த எலியின் பெயரை (பூ!) ரசிகர்கள் மறக்கவில்லை.

2003-ல் "ஸ்டார் வார்ஸ்" உலகத்தை வைத்து ஒரு விளையாட்டு. ஞாபகம் இழந்த கதாநாயகன் ஒரு கொடியவனின் பழைய வழியைத் தேடிப் போகிறான். கடைசியில் பார்த்தால், அந்தக் கொடியவனே அவன்தான்! அதாவது, அவ்வளவு நேரமும் ஆடிக்கொண்டிருந்தீர்களே, நீங்கள்தான்! ஆடியவர்கள் திகைத்துப் போனார்கள்.

யாரைக் காப்பாற்றுவது?

பயோவேர் விளையாட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் என்ன வேற்றுமை?

சினிமாவில் கதாநாயகன் யாரைக் காப்பாற்றுகிறான், யாரைக் கைவிடுகிறான் என்பதை நாம் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். அவ்வளவுதான். பயோவேர் விளையாட்டில் அதைத் தீர்மானிப்பது ஆடுகிறவர். இதற்கு நல்ல உதாரணம், 2007-ம் ஆண்டு நவம்பர் மாதம் வந்த "மாஸ் எபெக்ட்".

கதாநாயகன் ஷெப்பர்டு ஒரு விண்வெளிக் கப்பலின் தலைவன். (விரும்பினால் பெண்ணாகவும் வைத்துக்கொள்ளலாம். பலர் பெண்ணாகவே ஆடினார்கள்.) ஒரு கிரகத்தில் எதிரியின் கோட்டையைத் தகர்க்க வெடிகுண்டு வைத்தாகிவிட்டது. தோழர்கள் 2 பேர். ஒருவன் பெயர் கெய்டன். இன்னொருத்தி ஆஷ்லி. 2 பேரும் 2 இடத்தில் எதிரிகளிடம் சிக்கியிருக்கிறார்கள். ஒருவரைத்தான் காப்பாற்ற நேரம் இருக்கிறது.

யாரை?

கையில் இருக்கும் பொத்தானை அழுத்தவேண்டியது நீங்கள். மற்றவர் செத்துவிடுவார். அந்த ஆட்டத்தில் மட்டும் அல்ல. 2010-ல் வந்த 2-ம் பாகத்திலும், 2012-ல் வந்த 3-ம் பாகத்திலும் அவர் வரமாட்டார்! முதல் பாகத்தில் செய்த முடிவுகளை எல்லாம் கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த பாகத்துக்கு எடுத்துப் போனது. 5 ஆண்டுகளுக்கு முன்பு நீங்கள் இரக்கப்பட்டு விட்டுவிட்டவன், 5 ஆண்டு கழித்து எதிரே வந்து நிற்பான்.

ஒவ்வொரு பாகத்தையும் ஆடி முடிக்க 30 மணி நேரம், 40 மணி நேரம் ஆகும். 3 பாகமும் சேர்ந்தால் 100 மணி நேரத்துக்கும் மேல். அவ்வளவு நேரம் ஒரு கூட்டத்தோடு பழகினால் பாசம் வராமல் இருக்குமா? "நீ செய்ததை நாங்கள் மறக்கமாட்டோம்" என்பது பயோவேர் தன் ரசிகர்களுக்குக் கொடுத்த வாக்கு. எழுதித் தந்த வாக்கு அல்ல. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் காப்பாற்றப்பட்ட வாக்கு.

கைமாறியது

2007-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெரிய கம்பெனி, பயோவேரையும் அதன் கூட்டாளியான பாண்டமிக் கம்பெனியையும் சேர்த்து விலைக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. பாண்டமிக் 2009-ல் மூடப்பட்டுவிட்டது. பயோவேர் பிழைத்தது.

2009-ல் "டிராகன் ஏஜ்" என்ற புதிய கதை தொடங்கியது. அபாரமான வரவேற்பு. அதன் 2-ம் பாகம் சுமார் ஒன்றரை ஆண்டுக்குள், 2011 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அவசரச் சமையல்! அதில் ஒரு குகை வரும். கொஞ்ச தூரம் போனால் இன்னொரு குகை. பார்த்தால் அதே குகை! வாசலை மட்டும் இடம் மாற்றி, ஒரே குகையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். என்றாலும் பொறுத்துக்கொண்டார்கள். "மாஸ் எபெக்ட்" கதையின் கடைசிப் பாகம் வரப்போகிறதே!

அதன் தலைமைத் தயாரிப்பாளர் கேசி ஹட்சன். முடிவு இத்தனை என்று எண்ணிச் சொல்லும்படியோ, உனக்கு ஒன்றாவது முடிவு, எனக்கு இரண்டாவது முடிவு என்று பிரித்துப் பேசும்படியோ இருக்காது என்ற கருத்தில் அவர் முன்னதாகப் பேட்டி கொடுத்திருந்தார்.

2012 மார்ச்சில் ஆட்டம் வந்தது. ரசிகர்கள் இரவு பகலாக ஆடினார்கள். ஆட்டத்தின் பெரும் பகுதி அருமை. அதை யாரும் மறுக்கவில்லை. கடைசி 10 நிமிஷம் வந்தது. ஷெப்பர்டுக்கு முன்னால் 3 வழி. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வானத்தில் சிவப்பு வெளிச்சம். மற்றொன்றுக்கு நீலம். இன்னொன்றுக்குப் பச்சை. அதற்குப் பிறகு வந்த காட்சிகள் ஏறக்குறைய ஒன்றே!

காப்பாற்றிய தோழன் என்ன ஆனான்? சமாதானம் செய்துவைத்த இனங்கள் என்ன ஆயின? சரியான பதில் இல்லை. 5 ஆண்டுகளாக எழுதி வைத்த கணக்கை யாரோ கடைசிப் பக்கத்தில் கிழித்துப் போட்டதுபோல் ஆயிற்று.

புகாரும் தர்மமும்

ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். "மாஸ் எபெக்டை மீட்போம்" என்று இயக்கமே தொடங்கினார்கள். ஒரு ரசிகர், விளம்பரத்தில் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷனுக்குப் புகார் எழுதினார்.

வேறு சிலர் கோபத்தைத் தர்ம காரியத்தில் காட்டினார்கள். நோயுற்ற குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கிக் கொடுக்கும் ஒரு தர்ம நிலையத்துக்கு நன்கொடை திரட்டினார்கள். 80 ஆயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது! பிறகு அந்த நிலையமே வசூலை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டது. காரணம், புதிய முடிவை வாங்குவதற்குத்தான் பணம் கட்டுகிறோம் என்று சிலர் தவறாக நினைத்துவிட்டார்களாம்!

அதே ஆண்டு அமெரிக்காவின் மிக மோசமான கம்பெனி எது என்று "கன்ஸ்யூமரிஸ்ட்" என்ற வெளியீடு ஓட்டெடுப்பு நடத்தியது. பயோவேரின் முதலாளியான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், பாங்க் ஆப் அமெரிக்காவைத் தோற்கடித்து அந்தப் பட்டத்தைப் பெற்றது. மறு ஆண்டும் பட்டம் அதற்குத்தான். கடனுக்காக வீடுகள் ஜப்தியான காலம் அது. பாங்கைவிட விளையாட்டுக் கம்பெனி மோசமா? இது கொஞ்சம் அதிகம்தான்.

டாக்டர் மியூசிகா ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார். ஜூன் மாதம் புதிய காட்சிகள் சேர்த்த முடிவை இலவசமாகக் கொடுத்தார்கள். 3 வழியையும் ஏற்க மறுக்கும் 4-வது வழியும் அதில் இருந்தது. கோபம் கொஞ்சம் தணிந்தது.

செப்டம்பர் மாதம் மியூசிகா, செஸ்சுக் 2 பேரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். செஸ்சுக் பிற்பாடு எட்மன்டனிலேயே பீர் காய்ச்சும் தொழிலில் இறங்கிவிட்டார்.

பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருந்தது.

அழுத ஊழியர்கள்

2014-ல் வந்த "டிராகன் ஏஜ்" 3-ம் பாகம், அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று பரிசு பெற்றது. பழைய பயோவேர் திரும்பிவிட்டது என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால் உள்ளே நடந்தது வேறு. விளையாட்டுத் தயாரிப்புக்கு அடிப்படையாக ஒரு கருவி வேண்டும். அதை "என்ஜின்" என்பார்கள். இவர்கள் கையாண்ட என்ஜின், சுவீடன் நாட்டில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்காகச் செய்தது. சுடுவதற்கு அது கெட்டிக்காரன். ஆனால் பையில் பொருள் சேர்ப்பது, விட்ட இடத்தைக் குறித்து வைப்பது போன்ற காரியங்களுக்கு அதில் வசதி இல்லை. எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. கடைசி மாதங்களில் ஊழியர்கள் இரவும் பகலும் உழைத்து எப்படியோ ஒப்பேற்றினார்கள். "கடைசி நேரத்தில் எல்லாம் கூடி வந்துவிடும். அதுதான் பயோவேர் மாயம்" என்பது அங்கே வழக்கமான பேச்சு.

இந்த விஷயங்களை எல்லாம் 2019-ல் ஜேசன் ஷ்ரையர் என்ற நிருபர் ஊழியர்களைப் பேட்டி கண்டு வெளியிட்டார். பரிசு பெற்ற அந்த விளையாட்டு தோற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அப்போதாவது இப்படி வேலை வாங்குவது தவறு என்று மேலிடத்துக்குப் புரிந்திருக்கும் என்று ஊழியர்களே சொன்னார்களாம்! கதவைச் சாத்திக்கொண்டு அறையில் அழுதவர்கள் உண்டு. மனம் சோர்ந்து, டாக்டர் சீட்டு வாங்கிக்கொண்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் லீவில் போனவர்கள் உண்டு. டாக்டர்கள் தொடங்கிய கம்பெனியில் இந்த நிலை!

மாயம் 2 தடவை பலிக்கவில்லை.

முதல் தடவை 2017-ல். "மாஸ் எபெக்ட்" வரிசையில் புதிய கதை. மாண்ட்ரியல் நகரில் இருந்த கிளை தயாரித்தது. 5 ஆண்டு வேலை என்று பேர். உண்மையில் பெரும் பகுதி கடைசி ஒன்றரை ஆண்டில் நடந்தது. முகங்கள் மரப்பாச்சி போல் இருந்தன. கண் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். உலகமே கேலி செய்து சிரித்தது. சில மாதத்தில் அந்தக் கதையைக் கைவிட்டுவிட்டார்கள். ஓர் இனத்தாரின் கப்பல் என்ன ஆயிற்று என்ற கேள்வியைக் கிளப்பி ஆட்டத்தை முடித்திருந்தார்கள். பதில் தனிப் புத்தகமாக வந்தது! ஆட்டம் வாங்கியவர் புத்தகமும் வாங்க வேண்டும்.

அப்போது ரசிகர்களில் சிலர் செய்த காரியம் வெட்கக்கேடானது. முகங்கள் கெட்டதற்கு இவர்தான் காரணம் என்று, முன்பு எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மேல் பழி சுமத்தி, ஆபாசமாகத் திட்டித் தீர்த்தார்கள். அவர் அந்தப் பொறுப்பில் இருந்தவரே அல்ல என்று பயோவேர் அறிக்கை விட வேண்டியதாயிற்று. கேக் அனுப்பியவர்களும் ரசிகர்கள்தான். இவர்களும் தங்களை ரசிகர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

பறந்தது மட்டும் மிச்சம்

2-வது தடவை 2019 பிப்ரவரியில். விளையாட்டின் பெயர் "ஆன்தம்". இரும்புக் கவசம் அணிந்து ஆகாயத்தில் பறந்து சண்டை போடும் விளையாட்டு. பலர் சேர்ந்து இன்டர்நெட் மூலம் ஆட வேண்டும். ஆண்டுக்கணக்கில் பணம் கொட்டும் என்ற நம்பிக்கையில், அப்படிப்பட்ட விளையாட்டுகளின் மேல் பெரிய கம்பெனிகளுக்கு ஆசை பிறந்திருந்த காலம்.

கதை கேட்க வந்த ரசிகர்களுக்கு இங்கே கதை குறைவு. தோழர்கள் இல்லை. யாரைக் காப்பாற்றுவது என்ற கேள்வியே இல்லை. சங்கீத வித்துவானைக் கூப்பிட்டுச் சிலம்பம் ஆடச் சொன்னதுபோல் இருந்தது. சுமார் 6, 7 ஆண்டுகள் செலவழித்தும், இதுதான் விளையாட்டு என்று வெகுநாள் தீர்மானமாகவே இல்லையாம்.

எல்லாப் பழியையும் முதலாளி தலையில் போடுவது ரசிகர்களின் வழக்கம். ஆனால் ஒரு விஷயம். "ஆன்தம்" ஆட்டத்தில் எல்லோரும் ஒருமுகமாகப் பாராட்டியது பறப்பதைத்தான். தயாரித்தவர்கள் அதை ஒரு கட்டத்தில் எடுத்தே விட்டிருந்தார்கள்! எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதிகாரி ஒருவர் மாதிரியைப் பார்த்து அதிருப்தி அடைந்தார். அவருக்குக் காட்டுவதற்காக அவசர அவசரமாகப் பறப்பதைத் திரும்பச் சேர்த்தார்கள். அவர் பார்த்து அசந்துவிட்டார். அதனால் அது நிலைத்தது. ஷ்ரையர் தரும் தகவல் இது.

"ஆன்தமைத் திருத்தித் தருகிறோம்" என்று சொன்னார்கள். 2021 பிப்ரவரியில் அந்த வேலையையும் நிறுத்திவிட்டார்கள். 2026-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதியோடு விளையாட்டே மூடப்பட்டது. இன்டர்நெட் இல்லாமல் ஆட முடியாத விளையாட்டு ஆகையால், காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் தட்டு இருக்கும், ஆட்டம் இராது.

3 முடிவுதான் ஞாபகம்!

இதற்கிடையில் "டிராகன் ஏஜ்" 4-ம் பாகம் என்ன ஆயிற்று? 2015-ல் தொடங்கினார்கள். 2017-ல் கைவிட்டார்கள். பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டாக மாற்றினார்கள். "ஆன்தம்" அடி வாங்கியதும், ஒருவர் ஆடும் விளையாட்டாகத் திரும்பவும் மாற்றினார்கள். பெயரையும் ஒரு தடவை மாற்றினார்கள்.

2023 ஆகஸ்டு மாதம் சுமார் 50 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பல ஆண்டு உழைத்தவர்கள் அதில் இருந்தார்கள். ரசிகர்களின் செல்லப்பிள்ளையான வாரிக் என்ற குள்ளனைப் படைத்த எழுத்தாளரும் அதில் ஒருவர். 7 பேர் நஷ்டஈடு போதாது என்று கோர்ட்டுக்குப் போனார்கள்.

அதே ஆகஸ்டு மாதம் இன்னொரு சம்பவம். "பால்டர்ஸ் கேட்" 3-ம் பாகம் வெளிவந்தது! பயோவேரைத் தூக்கி நிறுத்திய அதே கதை வரிசை. ஆனால் தயாரித்தது பயோவேர் அல்ல. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த லாரியன் என்ற கம்பெனி. தோழர்கள் உண்டு. முடிவுகள் உண்டு. செய்ததை மறக்காத கதை உண்டு. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசும் அதற்கே கிடைத்தது. "இப்படிப்பட்ட விளையாட்டுக்கு இந்தக் காலத்தில் கிராக்கி இல்லை" என்று இனி யாரும் சொல்ல முடியாது. பயோவேர் ரசிகர்களுக்கு அது ஒரு கண்ணில் ஆனந்தம், மறு கண்ணில் ஆத்திரம்!

"டிராகன் ஏஜ்" 4-ம் பாகம் 2024-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி வந்தது. விமரிசகர்கள் பலர் நன்றாகவே இருக்கிறது என்றார்கள். பழைய ரசிகர்கள் வேறு ஒன்றைத் தேடினார்கள். 15 ஆண்டாக, 3 பாகங்களில் தாங்கள் செய்த முடிவுகள் எங்கே? முன்பாகத்தில் இருந்து கொண்டுவர முடிந்தவை மொத்தம் மூன்றே மூன்று! யார் அரியணையில் இருக்கிறார், யார் உயிரோடு இருக்கிறார் என்பது பற்றி ஏறக்குறைய பேச்சே இல்லை.

2025 ஜனவரியில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கணக்குச் சொன்னது. 15 லட்சம் பேர் ஆடியிருக்கிறார்கள். எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதிதான் என்றது. ஊழியர்கள் சிலரை வேறு கிளைகளுக்கு மாற்றினார்கள். சிலருக்கு வேலை போயிற்று. பயோவேரில் இப்போது 100 பேருக்கும் குறைவாகவே இருக்கிறார்கள் என்று செய்தி வெளியாயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியையே 5,500 கோடி டாலருக்கு வாங்குவதாக, சவூதி அரேபிய அரசாங்கத்தின் முதலீட்டு நிதி உள்ளிட்ட ஒரு கூட்டு அறிவித்தது.

எஞ்சியவர்கள் கையில் இருப்பது ஒரே வேலை. அது அடுத்த "மாஸ் எபெக்ட்". அதன் முன்னோட்டத்தை 2020 டிசம்பரிலேயே காட்டினார்கள். பனி மலையில் ஒருத்தி ஏறுகிறாள். பழைய தோழி லியாரா! பனியைத் துடைத்து ஓர் உடைந்த கவசத் துண்டைக் கையில் எடுக்கிறாள். அதில் ஷெப்பர்டின் அடையாளமான "என் 7" என்ற எழுத்து தெரிகிறது.

அந்த எழுத்தை வைத்து ரசிகர்கள் ஆண்டுதோறும் நவம்பர் 7-ந் தேதியைத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று கம்பெனியிடம் இருந்து ஒரு படமோ, ஒரு வரிச் செய்தியோ வரும். இந்தத் தடவை முன்பணம் கட்டமாட்டோம், வந்த பிறகு பார்த்துத்தான் வாங்குவோம் என்று சொல்லும் பழைய ரசிகர்களும், அன்று காலையில் முதல் ஆளாக அதைத் தேடிப் பார்க்கிறார்கள்.